பூக்கட்டிப் பார்த்த கொடுவா

அருளம்பலத்தின் மகள் காசு கொடுத்து உயிர்மீன் வாங்கி, அதைத் திரும்பவும் கடலுக்குள்ளேயே விடுகிறாள் என்ற கதை அன்புவழிபுரம் முழுக்கப் பரவ அதிக நாள் எடுக்கவில்லை. கதையைக் கொண்டுவந்தவர்கள் அதற்குக் கைகால் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். மீனுக்கு மூக்குத்தி குத்துகிறாளாம். மீனோடு இங்கிலிசில் கதைக்கிறாளாம். சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆம்பிளைகள் பார்க்கப் பார்க்க, மீனை ஏந்தி வைத்துத் தாலாட்டுகிறாளாம்.

"படிப்பு மண்டைக்குள்ளை ஏறினால் பரவாயில்லை. இவளுக்கு மண்டையைத் தாண்டிப் போட்டுது," என்று சந்தியில் சொன்னார்கள். அந்தச் சந்தியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் இராசமலர்தான். அவள் போகும்போது வாசிகசாலையில் கூட்டம் வைத்து மாலை போட்டவர்களும் இவர்களேதான். போட்ட மாலைக்கு இப்போது வட்டி வேண்டியிருந்தது.

அவள் செய்தது இவ்வளவுதான். தம்பலகாமக் குடா, கிண்ணியாத் துறையடியில் ஒரு வாயாக ஒடுங்கி வெளியே வருகிறது. அந்த வாயைக் கடக்கத்தான் 'பாதை' என்கிற மிதவை ஓடுகிறது. பஸ்ஸும் லொறியும் மாடும் மனிதரும் அந்த மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். வாய்க்கு உள்ளே, அலையில்லாத தண்ணீரில், கொடுவா மீன் வளர்கிறது. முட்டையிடுவதற்கு அது வாயைக் கடந்து வெளிக்கடலுக்குப் போகிறதா, இல்லை, குடாவுக்குள்ளேயே முட்டையிடுகிறதா என்பது ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. போகிறதென்றால், அது போகிற காலம் பார்த்து வாயை மறித்து வலை கட்டுவது கொடுவாவின் வம்சத்தையே கருவறுக்கிற வேலை. மீன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டுதான் வந்தது. இராசமலர் வலைகாரரிடம் கொடுவாவை உயிரோடு வாங்கி, முதுகுச் செட்டைக்குப் பக்கத்தில் இலக்கம் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் துண்டொன்றைக் கோத்து, மூச்சுத் திரும்பும்வரை தண்ணீருக்குள் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்து விட்டுவிடுவாள். அந்தத் துண்டோடு ஒரு மீன், ஒரேயொரு மீன், வெளிக்கடலில் பிடிபட்டால் போதும்.

மூச்சுத் திரும்புகிற அந்த நேரத்துக்காகவே அவள் விடியக் காலமை பஸ் பிடித்துப் போனாள். செத்ததுபோலக் கிடக்கும் மீன் முதலில் செவுளை அசைக்கும். பிறகு வாலை. பிறகு அவளுடைய கையை உதறிவிட்டு, நன்றியும் கிடையாது ஒன்றும் கிடையாது, போய்விடும். வீட்டிலும் தெருவிலும் அவளைப் பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் அவளிடம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மீன் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த வேலையில் அவளுக்கு இருந்த சந்தோசத்தை இதைவிட விளக்கமாக அவளாலும் சொல்ல முடிந்ததில்லை.

வேலை, மீன் ஆராய்ச்சிக் கந்தோரில். பெயர்தான் பெரிது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன கட்டிடமொன்றில் இரண்டு அறை. பொறுப்பாளர் சோமசேகரம் ஆஸ்துமாக்காரர். மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் எப்போதும் ஒரு இழுபறி. இராசமலர் தற்காலிக உதவியாளர். சம்பளம் ஜெட்டியில் மூட்டை தூக்குகிற அவளுடைய தகப்பனின் கூலியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

"ஒரு துண்டு, பிள்ளை. ஒண்டு வந்தால் காணும்," என்பார் சோமசேகரம். "நான் கொழும்பிலை போய்க் குந்திக்கொண்டிருந்தாவது இந்த வேலைக்கு இன்னொரு வருசம் வாங்குவன். உம்மை நிரந்தரமாக்கவும் எழுதுவன். வராட்டில், மாரியோடை இந்தக் கதவைப் பூட்டவேண்டியதுதான்."

அவளுக்கு அதிகம் மீன் கொடுத்தவர் கிண்ணியா அபூதாஹிர்; அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள். வலைகாரர் பலருக்கு அவள் மேல் சந்தேகம். அரசாங்கம் வலைக்குத் தடை போடுவதற்கு அனுப்பிய ஆள் என்று. அபூதாஹிருக்கு அந்தச் சந்தேகம் இருந்தாலும் அதைவிடப் பெரிதாக ஒரு ஆவல் இருந்தது.

"மகள், ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படா."

"கேளுங்கோ காக்கா."

"நான் புடிக்கிறன். நீங்க காசு தாறீங்க. பொறகு தண்ணிக்குள்ள உட்டுப்போடுறீங்க. நாளைக்கு அதே மீனை நான் மறுகாப் புடிச்சா மறுகாக் காசு தருவீங்களா?"

"தருவன்."

"அல்லாஹ்வே! அப்ப எனக்கு ஒரு மீனே காணுமே. வலையும் தேவல்ல. கவுத்துல கட்டி வெச்சிக்கிட்டு நாளாந்தம் ஒங்களுக்கு வித்துப்போட்டு வீட்ட போயிருவன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அபூதாஹிர் மட்டும் சிரிக்காமல் அவள் விட்ட மீன் போன திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னன்ல இருந்து புடிக்கிறன். இது எங்க போகுது எண்டு எனக்கும் தெரியா. தெரிஞ்சா எனக்குச் சொல்லணும் மகள்."

"வெளிக்கடலிலை ஒண்டு பிடிச்சுத் தாங்கோ. முதல் கதை உங்களுக்குத்தான். கந்தோர் பூட்டிக் கிடந்தால் அன்புவழிபுரத்திலை எங்கட வீட்டை கொண்டுவாங்கோ. அருளம்பலத்தாற்றை வீடு எண்டால் காட்டுவினம். சன்மானமும் தருவம்."

"காசு வேணா. கதைதான் வேணும்."

வீட்டில் தாய் கனகம்மா வேறு கதை வைத்திருந்தாள். "எங்கட அடுப்பிலை முருங்கையிலை. இவள் கொடுவாவைக் கொண்டுபோய்க் கடலிலை விடுறாள். இப்பிடியொரு அநியாயத்தை எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ?" என்று வேலிக்கு மேலால் இரண்டு பக்கமும் கேட்பாள். இரண்டு பக்கத்தாரும் கேள்விப்பட்டதில்லை.

கனகம்மாவின் கோபம் முருங்கையிலையில் இல்லை. அருளம்பலத்தின் முதுகில் இருந்தது. பின்னேரம் ஜெட்டியிலிருந்து வந்ததும் அவர் சீமெந்து நிலத்தில் குப்புறப் படுப்பார். கனகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகில் ஏறி நின்று மிதிப்பாள். "கொஞ்சம் கீழை... அவடத்தை... அம்மாளாச்சி..." என்ற முனகல் இராசமலர் சின்னப்பிள்ளையாக இருந்த நாள்முதல் அந்த வீட்டின் பின்னேரச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் பக்கத்து அறையில் உடற்கூற்றியல் படித்துப் பாஸ் பண்ணினாள். இப்போதெல்லாம் மிதித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கம் மரத்துவிட்டது.

அந்த வருடம் சீனன்குடாப் பக்கத்தில் புதிதாகக் கோதுமை மா ஆலையொன்று வந்தது. ஆய்வுகூடத்துக்கு விஞ்ஞானப் பட்டதாரி வேண்டுமென்றார்கள். தாயின் நச்சரிப்புக்காக இராசமலர் விண்ணப்பம் போட்டாள், தாயின் நச்சரிப்புக்காக நேர்முகத்துக்கும் போனாள், வேலை கிடைத்துவிட்டது. மீன் கந்தோர்ச் சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கொம்பனி பஸ். வெள்ளைக் கோட்டு. தாய் தகப்பனுக்கு மருந்துச் செலவு. செய்யவேண்டியது, மாவை அரித்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வண்டும் புழுவும் இருக்கிறதா என்று பார்ப்பது.

"புழுப் பாக்கிறதுக்கோ அம்மா நான் கம்பஸுக்குப் போனனான்?"

"இப்ப என்னத்தைப் பாக்கிறாய்? மீன்ரை குண்டியைத்தானே?"

நிலத்தில் படுத்துக் கிடந்த அருளம்பலத்துக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் முதுகு பிடித்து, "ஐயோ" என்றார்.

"நான் விருப்பப்பட்டுச் செய்யிற வேலை அம்மா அது."

"விருப்பம்!" கனகம்மா கணவனின் முதுகில் நின்றபடியே திரும்பினாள். "கொப்பர் விருப்பப்பட்டோ மூட்டை தூக்கிறார்? நான் விருப்பப்பட்டோ இந்த மனுசன்ரை முதுகிலை ஏறி நிக்கிறன்? இந்த வீட்டிலை விருப்பம் எண்ட சாமானை உனக்கு மட்டும்தான் வாங்கித் தந்தது. நாங்கள் ஒருநாளும் பாவிக்கேல்லை."

இராசமலருக்கு எதற்கும் பதில் இருக்கும். கம்பஸில் பேராசிரியர்களையே எதிர்த்துக் கதைத்தவள். அன்று கனகம்மாவின் காலுக்குக் கீழே கிடந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கனகம்மா இறங்கி வந்து, குரலைத் தணித்து, "காளி கோயிலிலை பூக்கட்டிப் பாப்பம்," என்றாள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனித் தாளில் ஒரேமாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மனுக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கவேண்டும். எந்தப் பூ வருகிறதோ அது அம்மனின் வாக்கு. கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை கனகம்மா இப்படித்தான் முடிவெடுத்தாள்.

"பொட்டலத்துக்குள்ளை கிடக்கிற பூவோ என்ரை வேலையைத் தீர்மானிக்கிறது? உங்களுக்கு விசரோ?"

"அப்ப நீயே சொல்லு."

இராசமலர் சொன்னாள். ஆலைக்காரர் மாதமுடிவுக்குள் பதில் கேட்கிறார்கள். அதற்குள் ஒரு துண்டு, வெளிக்கடலிலிருந்து ஒரேயொரு துண்டு, திரும்பி வந்தால் அவள் மீன் கந்தோரிலேயே இருப்பாள். வராவிட்டால் ஆலைக்குப் போவாள். "பிறகு நீங்களும் ஒண்டும் கதைக்கக்கூடாது. நானும் கதைக்கமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

தானும் இப்போது பூக்கட்டித்தான் பார்த்தாள் என்பது விலங்கியல் பட்டதாரிக்கு உறைக்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் தாயின் காலடியில் போட்டுவிட்டாள் என்பதும் உறைக்கவில்லை. தகப்பனின் முதுகைப் பார்த்து 'போகிறேன்' என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, 'போகமாட்டேன்' என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டில் ஒன்றைத் தானாகச் சொல்லத் தைரியமில்லாமல், ஒரு மீன் வந்து சொல்லட்டும் என்று விட்டாள்.

துண்டு வரவில்லை. நிலாவெளிப் பக்கம் கரையில் வாடியடித்துத் தங்கியிருந்த வலைகாரரிடம் ஆள் விட்டுக் கேட்டாள். மீன் சந்தையில் ஒவ்வொரு கொடுவாவின் முதுகையும் தடவிப் பார்த்தாள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கந்தோரின் படியில் மத்தியானம்வரை குந்தியிருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

குசினியில் கொடுவாக் கறி மணந்தது. சினை தனியாகப் பொரித்து வைத்திருந்தது.

"எங்காலை அம்மா கொடுவா?"

"ஆரோ கொண்டுவந்து தந்திச்சினம். கையைக் கழுவு."

தாய் அன்று தன் கையால் போட்டுக் கொடுத்தாள். சினை நல்ல பருவம். வாயில் மணல்மணலாக உதிர்ந்தது. இராசமலர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கொடுவா எங்கே பிடிபட்டது, இந்தக் காலத்தில் இவ்வளவு சினையோடு ஒரு கொடுவா எப்படி வந்தது என்று கேட்கவேண்டிய ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள் என்றால் அது அவள்தான். அவள் கேட்கவில்லை. அன்று அவள் தோற்றுப்போனவள், பசியில் சாப்பிட்டாள். அடுத்த நாள் ஆலைக்குக் கடிதம் போட்டாள்.

மாரி வந்தது. மீன் கந்தோர்க் கதவு பூட்டப்பட்டது. அன்புவழிபுர வீட்டுக்கு ஓடு வந்தது, ரேடியோ வந்தது, அருளம்பலம் சாய்ந்திருக்க ஒரு சாய்வுக் கதிரை வந்தது. அவர் ஜெட்டிக்குப் போவதை விட்டார். சந்தியில் இருந்தவர்கள், "மண்டை சரியாப் போச்சு," என்றார்கள். இராசமலர் வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தாள். மாவை அரித்தாள். வண்டை எண்ணினாள். பெரும்பாலும் வண்டு இருக்காது. இல்லாததை எண்ணி, இல்லையென்று எழுதி, கையெழுத்து வைப்பாள். கெட்ட வேலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனிதர்கள். மத்தியானம் சாப்பாடும் கொடுத்தார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அந்த முனகல் சத்தம் இல்லை. அந்த அமைதிக்கு முன்னால் தன்னுடைய வருத்தத்தை எடுத்து வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாரி கழிந்து கடல் அடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, பஸ் நிலையத்தில், நைலோன் நூல் கட்டோடு அபூதாஹிர் நின்றார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"மகள்! எங்க இந்தப் பக்கம்? நீங்க மீன் கந்தோர்ல இல்லையாமே?"

"ஓம் காக்கா. ஆலையிலை இப்ப."

"அது சரி. ஆனா எனக்கு ஒரு மனவருத்தம் இருக்கு. சொல்லட்டா?"

"என்ன காக்கா?"

"கதை சொல்றன் எண்டீங்க. சொல்லவே இல்லியே."

"என்ன கதை?"

"அந்த மீன்ட கதை. நான் கொண்டந்து தந்த மீன்."

இராசமலர் கையிலிருந்த குடையைச் சுருக்கினாள். வெயில் நேராகத் தலையில் விழுந்தது. "எந்த மீன் காக்கா?"

"என்ன மகள் எந்த மீன் எண்டு கேக்கிறீங்க? மஞ்சத் துண்டு போட்ட மீன். நிலாவெளிக்கி வெளிய பட்டது. வயிறு முட்டச் சினை. துண்டைக்கூட அறுக்கல்ல. மீனோடயே கொண்டந்தன். ஞாயித்துக்கெழம, கந்தோர் பூட்டு எண்டு நேர ஒங்கட வீட்டதான் வந்தன். ஒங்கட அம்மாட கையில குடுத்தன். காசு நீட்டினாங்க, வேணாண்டுட்டன். புள்ளைய வந்து கதைய மட்டும் சொல்லச் சொல்லுங்க எண்டன்." அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "சொல்லல்லியா?"

பஸ்கள் வந்தன, போயின. பிறகு, கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே, கதையைச் சொன்னாள். அந்த மீனைத் தம்பலகாமக் குடாவுக்குள்தான் விட்டது. அது கிண்ணியா வாயைக் கடந்து, கொட்டியாரக் குடாவைக் கடந்து, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு, முட்டையிட நிலாவெளிக் கடலுக்குப் போயிருக்கிறது.

"அப்ப நாங்க பாதைல அக்கரைக்குப் போகக்குள்ள..." அபூதாஹிரின் கண் விரிந்தது.

"உங்கட காலுக்குக் கீழாலை போயிருக்கு."

"அல்லாஹ்ட காவல்! காலுக்குக் கீழால!" அவர் நூல்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அந்த நேரம் நாங்க வாயில வலை கட்டப்படா. என்ன மகள்?"

"கட்டப்படாது காக்கா."

ஒரு வருடமாக அவள் தேடிய விடை அது. அதைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரேயொரு ஆள் பஸ் நிலையத்தில் நூல்கட்டோடு நின்ற அபூதாஹிர். அவருக்கு முன்னால் அழக்கூடாதென்று, முதலில் வந்த பஸ்ஸில் அவள் ஏறினாள். அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தபோது கனகம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு எங்கை அம்மா?"

எந்தத் துண்டு என்று கனகம்மா கேட்கவில்லை. சுளகை நிலத்தில் வைத்தாள். "அடுப்புக்குள்ளை போட்டனான். கொஞ்ச நேரம் நாறினது."

"நான் ஒரு மீனை நம்பிச் சத்தியம் பண்ணினனான்."

"தெரியும்."

"கோயிலிலை ரெண்டு பொட்டலத்துக்குள்ளையும் சிவப்பை வைச்சுக் கட்டிப்போட்டு அம்மன் வாக்கு எண்டு சொல்லுவீங்களோ?"

"சீச்சீ. அம்மாளுக்கு முன்னாலை அப்பிடிச் செய்வனோ? நீ மீனுக்கு முன்னாலைதானே சத்தியம் பண்ணினனி." கனகம்மாவின் குரலில் ஒரு துளி வெட்கமும் இல்லை. அதுதான் இராசமலரைக் கொன்றது. "கொப்பற்றை முதுகை நீ பாத்தனி. நானும் பாத்தனான். நீ பாத்திட்டு மீன் பிடிக்கப் போனனி. நான் பாத்திட்டு இதைச் செய்தனான். பாவமெண்டால் எனக்குத்தானே? விடு."

"அந்தச் சினையை என்ரை தட்டிலை போட்டனீங்கள்."

"வேறை என்ன செய்ய? நல்ல மீனை எறியிறதே?"

இராசமலர் சாய்வுக் கதிரைப் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்களுக்கும் தெரியுமோ?"

அருளம்பலம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "தின்னேக்கை தெரியாது, பிள்ளை. பிறகு கொம்மா சொன்னவ." ரேடியோவை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, "சொன்னால் அழுவாய் எண்டு விட்டிட்டன்," என்றார்.

"துண்டு வந்திருந்தாலும் நான் ஆலைக்குப் போயிருப்பன் அம்மா. ஐயாவைப் பாத்து நானாகவே போயிருப்பன். அதைக்கூட எனக்கு விடேல்லை நீங்கள்."

"போயிருக்கமாட்டாய்," என்றாள் கனகம்மா.

கனகம்மா சொன்னது உண்மையாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம். இனி எந்தக் காலத்திலும் தெரியவராது. இராசமலர் நல்லவளா தன்னலக்காரியா என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு சந்தர்ப்பம் வந்தது. அதைத் தாய் அடுப்புக்குள் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஆலைக்கு லீவு போட்டுவிட்டுச் சோமசேகரத்தைத் தேடிப் போனாள். அவர் வாடகை வீட்டில் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, நீண்ட நேரம் மூச்சைத் தேடினார்.

"கொடுவா குடாவை விட்டு வெளியேறுறதுக்கு ஆதாரம் இல்லை எண்டு அறிக்கை எழுதி அனுப்பியாச்சு, பிள்ளை. வாயிலை வலை கட்ட அனுமதி குடுத்திருக்கினம். துண்டு எங்கை?"

"எரிஞ்சுபோச்சு, சேர்."

"மீன்?"

"சாப்பிட்டிட்டம்."

"சினையையுமோ?"

"சினையையும்."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். அவள் சிரித்தாள்; சிரிப்பு பாதியில் அழுகையாகிப்போனது. அவர் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

"மேற்குக் கரையிலை, கற்பிட்டியிலை ஒரு வேலை தொடங்குது. நான் அடுத்த மாதம் போறன். அங்கையும் குடா இருக்கு, அங்கையும் கொடுவா இருக்கு. சம்பளம் இஞ்சை தந்ததுதான். தங்கிற செலவு போக வீட்டுக்கு அனுப்ப ஒண்டும் மிஞ்சாது. பொய் சொல்லேல்லை. வாறீரோ?"

அவர் கேட்டு முடிக்குமுன்னே, "வாறன் சேர்," என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில் சொன்னாள். சண்டைக்குத் தயாராகவே வந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதிலை பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தாள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. கனகம்மா, "எப்ப போறாய்?" என்றாள். "அங்கை சாப்பாடு எப்பிடியாம்?" என்றாள். அருளம்பலம் கொடியில் தொங்கிய தன்னுடைய பழைய தோள் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவள் எழும்பியபோது சாய்வுக் கதிரை வெறுமையாக இருந்தது. கொடியில் கிடந்த தோள் சால்வையைக் காணவில்லை. கனகம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல், "ஜெட்டிக்குப் போட்டார்," என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தால் இராசமலர் எதிர்த்திருப்பாள்.

ஜெட்டியில் அரிசிக் கப்பல் வேலை. ஆட்கள் வரிசையாக மூட்டையோடு பலகையில் இறங்கி, களஞ்சியத்துக்குள் போய், வெறுந்தோளோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய தகப்பனைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் மட்டும் ஒரு இடைவெளி இருந்தது. பின்னால் வருகிறவர் அவருக்காக நடையைக் குறைத்திருந்தார்.

"என்ன அருளம்பலத்தார், மகளின்ரை கொம்பனியைப் பூட்டிப்போட்டாங்களோ?" என்று கங்காணி கத்தினான்.

"இல்லை தம்பி, சும்மா இருக்க அலுப்பாக் கிடந்தது," என்று மூட்டைக்குக் கீழேயிருந்து தகப்பனின் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இதையும் அவள் பார்த்தாள். தாய் துண்டை எரித்ததுபோல இதுவும் ஒரு தந்திரமா, இல்லை, காலையில் எழும்பிக் கணக்கைப் பார்த்துத் தன் பாட்டில் வேலைக்கு வந்த ஒரு மனிதரா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். அவருடைய இடது கால் பலகையில் வழுக்கியது. விழவில்லை. மூட்டையை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு நடந்தார். அவள் அதற்கு மேல் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. களஞ்சிய வாசலில் போய் நின்றாள்.

"ஐயா."

மூட்டையை இறக்கிவிட்டு நிமிர முடியாமல் நிமிர்ந்தார். "நீ ஏன் பிள்ளை இஞ்சை? வெய்யில்."

"வாங்கோ வீட்டை. நான் போகேல்லை."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவள் காத்திருந்தாள். 'இல்லை பிள்ளை, நீ போ' என்று அவர் ஒருதரம் சொல்லவேண்டும். சொன்னாலும் அவள் போகப்போவதில்லை. அது இருவருக்கும் தெரியும். மறுத்துவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவாள். ஆனால் ஒருதரம் சொல்லவேண்டும். பொய்க்கென்றாலும் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

"சரி பிள்ளை," என்றார் அருளம்பலம்.

அவ்வளவுதான். சால்வையை உதறித் தோளில் போட்டார். கங்காணியிடம் அன்றைய கூலியைக்கூடக் கேட்கவில்லை. அவள் மனம் மாறுவதற்குள் போய்விடவேண்டும் என்பதுபோல, ஒரு பக்கம் மரத்த காலை இழுத்து இழுத்து, வேகமாக அவளுக்கு முன்னால் நடந்தார். ஜெட்டி வாசல் கேற்றடிக்குப் போய்த்தான் நின்று திரும்பிப் பார்த்தார், அவள் பின்னால் வருகிறாளா என்று.